செங்குத்துக் கோட்டுக்கு அப்பால்

திரைப்படங்களில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. கதாநாயகி தன் அறையில் தனியாக இருக்கிறாள். நிலைக்கண்ணாடியின் முன் அமர்ந்து கூந்தலை அவிழ்க்கிறாள். பிறருக்காக அதுவரை பூண்டிருந்த முகபாவம் மெல்லக் கலைந்து, அவளுடைய சொந்த முகம் கண்ணாடியில் எழுகிறது. கொட்டகையின் இருளில் அமர்ந்திருக்கும் நாம், பிறர் பார்க்கலாகாத ஒன்றைப் பார்த்துவிட்ட கூச்சத்தோடு அதைப் பார்க்கிறோம். அவளுடைய ஏகாந்தத்தைப் பற்றி நமக்கு ஒரு கணமும் சந்தேகம் எழுவதில்லை. ஆனால் அந்த அறைக்கு நான்காவது சுவர் கிடையாது. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் காமிராவும், ஒளிப்பதிவாளரும், அவருடைய உதவியாளர்களும், நீண்ட கழியின் நுனியில் மைக்கை ஏந்தியவரும், விளக்குகளும், லைட்பாய்களும், ஒப்பனைக்காரரும், வசனத் தாளோடு உதவி டைரக்டரும் நிறைந்திருக்கிறார்கள். மற்றக் காட்சிகளில் இந்தக் கூட்டத்தை மறைப்பதற்கு எந்தப் பிரயாசையும் வேண்டுவதில்லை; காமிரா தன் எதிரில் உள்ளதை மட்டுமே பார்க்கும் சாதனமாதலால், அதன் முதுகுக்குப் பின்னால் ஊரே திரண்டிருந்தாலும் படத்தில் விழாது. கண்ணாடி ஒன்று செட்டுக்குள் வந்துவிட்டால் இந்தச் சௌகரியம் பறிபோகிறது. கதாநாயகியின் முகத்தைக் காட்ட வேண்டிய அதே பரப்பு, அவளுக்கு எதிரே நிற்கும் யாவரையும் பாரபட்சமின்றிக் காட்டத் தயாராக இருக்கிறது. அவள் தனியே இருக்கிறாள் என்ற நம்பிக்கை நிலைக்க வேண்டுமானால், இத்தனை பேரும் கண்ணாடியில் படாமல் நிற்பதற்கு ஓர் இடத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். அந்த இடம் எது, அதைக் கண்டுபிடிப்பதற்காக யார் எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்பது நெடுநாளாக என் சிந்தையைப் பிடித்திருக்கும் விஷயம்.

இதற்கு ஆதாரமான நியதி பள்ளிப் பாடத்தில் உள்ளதுதான். ஒளிக்கிரணம் எந்தக் கோணத்தில் கண்ணாடியில் விழுகிறதோ, அதே கோணத்தில் மறுபுறம் திரும்புகிறது. ஆகவே லென்ஸிலிருந்து புறப்பட்டதாக நாம் பாவிக்கும் ஒரு கோடு, கண்ணாடியில் பட்டு மீண்டும் லென்ஸுக்கே வந்து சேர வேண்டுமானால், அது கண்ணாடிப் பரப்பின்மீது செங்குத்தாக விழுந்தாக வேண்டும்; சுவருக்கு நேராக எறிந்த பந்து மட்டுமே எறிந்தவன் கைக்குத் திரும்புவதைப் போல. இதிலிருந்து, கேட்டவுடன் அற்பமாகத் தோன்றினாலும் ஸ்டூடியோக்களின் அனுபவமெல்லாம் அடங்கிய ஒரு முடிவு கிடைக்கிறது: லென்ஸிலிருந்து கண்ணாடியின் தளத்துக்கு வரையும் செங்குத்துக் கோடு கண்ணாடிச் சட்டத்துக்குள் விழுந்தால் காமிரா தன்னைத் தானே காணும், சட்டத்துக்கு வெளியே, வெறும் சுவரில் விழுந்தால் காணாது. காமிரா எவ்வளவு பெரியது, எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பவையெல்லாம் இதற்குப் பிற்பட்டவை. பின்னுக்குப் போனால் மறைந்துவிடலாம் என்று எண்ணுபவர், எவ்வளவு தூரம் போனாலும் சிறுத்துத் தெரிவாரே ஒழிய மறைய மாட்டார். அந்தச் செங்குத்தை விட்டுப் பக்கவாட்டில் போதிய அளவு விலகியவர், கண்ணாடிக்கு மிக அருகிலேயே நின்றாலும் மறைந்துவிடுவார்.

காமிராவைச் சூழ நிற்பவர்களுக்கும் இதே நியதியில் ஓர் உட்பிரிவு உண்டு. லென்ஸும் ஒரு மனிதரும் கண்ணாடியிலிருந்து சம தூரத்தில் இருப்பார்களானால், அவ்விருவரின் செங்குத்துகளும் விழும் இடங்களுக்கு நட்டநடுவே உள்ள புள்ளியில்தான் லென்ஸுக்கு அவர் தெரிவார். அந்தப் புள்ளி சட்டத்துக்குள் இருக்குமானால் அவர் படத்துக்குள் வந்துவிட்டார் என்று பொருள். ஆகையால் கண்ணாடியின் இடப்பக்கமாகக் காமிரா ஒதுங்கும்போது, யூனிட் முழுவதும் அதற்கும் இடப்பக்கமாக ஒதுங்கி ஒருவர்மேல் ஒருவர் நெருங்கி நிற்கிறது. அறையின் மற்றப் பாதி காலியாகக் கிடக்கிறது. அந்தக் காலிப் பாதியில் தவறி ஓர் அடி வைத்தவர், "கண்ணாடியில தெரியறீங்க" என்ற குரலைக் கேட்டுப் பின்வாங்குகிறார். எத்தனை அந்தஸ்து உடையவரானாலும் இதற்கு விலக்கில்லை.

காமிராவை நகர்த்த இடமில்லாத குறுகிய அறைகளில் கண்ணாடியையே நகர்த்துகிறார்கள். சட்டத்தின் பின்னால் ஒரு பக்கத்தில் மரத்துண்டை ஆப்பாகச் செருகிச் சற்றே திருப்பிவிட்டால் செங்குத்தும் அதனோடு திரும்பிவிடும். கண்ணாடி ஒரு பாகை திரும்பினால் அதில் பட்டு மீளும் கிரணம் இரண்டு பாகை திரும்புகிறது. 5 பாகைத் திருப்பத்தில், 3 மீட்டர் தூரத்தில் நிற்கும் காமிராவை, கண்ணாடியின் நடுவில் பட்டு மீளும் கோடு அரை மீட்டருக்கு மேல் தவறவிட்டுவிடுகிறது. அந்த 5 பாகை பார்ப்பவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை; சுவரோடு ஒட்டித் தொங்கும் கண்ணாடியாகவே அதை நினைத்துக்கொள்கிறார். கட்டடங்களைப் படமெடுக்கும் புகைப்படக்காரர்கள் இதைவிட நுட்பமான ஓர் உபாயத்தைக் கைக்கொண்டார்கள். காமிராவைப் பக்கவாட்டில் ஒதுக்கி வைத்து, அதன் பின்புறத் தளத்தைக் கண்ணாடிக்கு இணையாகவே நிறுத்தி, லென்ஸை மட்டும் கண்ணாடியின் திசையில் நகர்த்துவார்கள். படத்தில் கண்ணாடி கோணலின்றி, நேர் எதிரே நின்று எடுத்ததுபோலச் சதுரமாகவே அமைந்துவிடும். காமிரா மட்டும் அதில் இராது. நேர்பார்வையின் கம்பீரத்தையும் விட்டுக்கொடுக்காமல், நேர் எதிரே நிற்கும் குற்றத்தையும் செய்யாமல் இருப்பதற்கு இதைவிட நேர்த்தியான வழி ஒன்று உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

மற்றச் சங்கடங்களை விரைவில் சொல்லிவிடலாம். தண்ணீரிலும் கடைக் கண்ணாடியிலும் தோன்றும் பிரதிபிம்பத்தைக் குறைக்கும் போலராய்டு வடிகட்டி, வெள்ளி பூசிய கண்ணாடியிடம் பலிப்பதில்லை. காமிராவைக் கறுப்புத் துணியால் போர்த்தி லென்ஸுக்கு மட்டும் துவாரம் விடுவது, பின்னணி இருண்டிருக்கும் இடத்தில் உதவும். குவியம் பார்க்கும் உதவியாளர் கண்ணாடிவரை அளந்தால் போதாது. கண்ணாடியிலிருந்து நடிகையின் முகம்வரை மறுபடியும் அளந்து இரண்டையும் கூட்ட வேண்டும், ஏனெனில் பிரதிபிம்பம் பரப்பில் இல்லை, பரப்புக்குப் பின்னால் அத்தனை ஆழத்தில் இருக்கிறது. கண்ணாடியின் முதுகில் பூச்சு இருப்பதால் முன்புறக் கண்ணாடிப் பரப்பும் தன் பங்குக்கு ஒரு மங்கலான இரண்டாம் பிம்பத்தைக் காட்டும். இந்தத் தோஷம் இராத, முன்பரப்பே பிரதிபலிக்கும் கண்ணாடிகளைத் தந்திரக் காட்சிகளுக்குப் பயன்படுத்துவது உண்டு. கேரளத்தின் ஆறன்முளையில் உலோகத்தை மெருகேற்றிச் செய்யும் கண்ணாடியின் சிறப்பும் இதுவே. அதில் விரலை வைத்தால் விரலுக்கும் பிம்பத்துக்கும் நடுவில் இடைவெளி இராது.

இவையெல்லாம் காமிராவின் பக்கத்திலிருந்து பார்க்கும் கஷ்டங்கள். நடிகையின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. எனக்கு இதுதான் இந்த விஷயத்தின் உயிர்நிலை. ஒளி எந்த வழியாகச் செல்கிறதோ அதே வழியாகத் திரும்பிவரவும் வல்லது. ஆகையால் கண்ணாடி வழியாகக் காமிரா நடிகையின் கண்களைப் பார்க்கிறது என்றால், அதே கண்ணாடி வழியாக நடிகையின் கண்களும் காமிராவின் லென்ஸைப் பார்க்கின்றன என்பது தவிர்க்க முடியாதது. கண்ணாடியில் அவள் முகம் தெரியும் அந்த இடத்தில் அவளுக்குத் தெரிவது தன் முகம் அன்று. ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் காமிராவும், அதைச் சுற்றி மூச்சடக்கி நிற்கும் ஜனங்களுமே. தன் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அவள் கண்ணாடியின் வேறொரு புள்ளியை நோக்க வேண்டும். ஆனால் படச்சட்டத்தில் பிரதிபிம்பம் மட்டுமே நிறைந்திருக்கும் வேளையில் அப்படி நோக்கினால், அவள் படத்துக்கு வெளியே உள்ள யாரையோ பார்ப்பதுபோல நமக்குத் தோன்றும். லென்ஸையே நேராகப் பார்த்தாலோ, நம்மைப் பார்த்துவிடுகிறாள். ஆகவே தன் முகத்தையும் பாராமல், காமிராவையும் பாராமல், இரண்டுக்கும் இடையில், லென்ஸுக்குச் சற்று அருகே, கண்ணாடியில் ஒட்டிய ஒரு சிறு அடையாளத்தைப் பார்த்துக்கொண்டு, அங்கே தன் முகம் இருப்பதாகப் பாவித்து, அதில் முதுமையின் முதல் ரேகையைக் கண்டு திடுக்கிட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லப்படுகிறது. ஒரு பெண் தன்னோடு தனித்திருப்பதாக நாம் உறுதியாக நம்பும் அந்தக் கணத்தில், அவள் தன் முகத்தையே காண முடியாமல் இருக்கிறாள்.

இதை நாம் ஏன் கவனிப்பதில்லை என்ற கேள்விக்குச் சித்திரக்கலை பழைய விடை ஒன்றை வைத்திருக்கிறது. லண்டனில் உள்ள நேஷனல் காலரியில் வெலாஸ்கெஸ் வரைந்த வீனஸ் படம் இருக்கிறது. 1647-க்கும் 1651-க்கும் இடையில் வரையப்பட்டது என்பார்கள். நமக்கு முதுகைக் காட்டிப் படுத்திருக்கும் தேவதைக்கு எதிரே மன்மதச் சிறுவன் ஒரு கண்ணாடியைப் பிடித்திருக்கிறான்; அதில் அவள் முகம் சற்று மங்கலாகத் தெரிகிறது. பார்த்தவர்களை என்ன தெரிகிறது என்று கேட்டால், தன் அழகைத் தானே ரசிக்கிறாள் என்பார்கள். ஆனால் அவள் முகம் நமக்குத் தெரிவதாலேயே அவளுக்குத் தெரிவது நாம். இந்த மயக்கத்தை 2003-இல் மார்க்கோ பெர்தமினி என்ற மனோதத்துவ அறிஞரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து, அந்த வீனஸின் பெயரையே அதற்கு வைத்தார்கள். கண்ணாடி முன் இருப்பவருடைய முகம் நமக்குத் தெரிந்துவிட்டால், அதையே அவரும் காண்கிறார் என்று மனம் தீர்மானித்துவிடுகிறது. நாம் நிற்கும் இடம் வேறு, அவர் இருக்கும் இடம் வேறு என்பதை அது கணக்கில் கொள்வதில்லை. சினிமாவின் கண்ணாடிக் காட்சிகள் அத்தனையும் இந்த மயக்கத்தின்மீது நிற்கின்றன. காமிரா செங்குத்தை விட்டு ஒதுங்கி நிற்பதை நாம் மன்னிப்பதற்கும், நடிகை தன் முகத்தை இழந்து நிற்பதை நாம் அறியாமல் இருப்பதற்கும் காரணம் ஒன்றே.

நேர் எதிரே நின்றுதான் ஆக வேண்டும் என்று கதையே கட்டளையிடும் சந்தர்ப்பங்கள் உண்டு. 1931-இல் ரூபன் மமூலியன் எடுத்த 'டாக்டர் ஜெக்கில் அண்டு மிஸ்டர் ஹைடு' படத்தின் தொடக்கத்தில் காமிராவே ஜெக்கிலின் கண்ணாக இருக்கிறது. அவர் கைகளைத்தான் பார்க்கிறோம்; முகத்தைப் பார்ப்பதில்லை. வெளியே புறப்படுமுன் அவர் கண்ணாடி எதிரே வந்து நிற்கும்போதுதான் அந்த முகம் முதன்முதலாக நமக்குத் தெரிகிறது. காமிரா அவருடைய கண் இருக்கும் ஸ்தானத்திலேயே நிற்பதால், உண்மையான கண்ணாடியாக இருந்தால் அதில் ஜெக்கில் தெரியமாட்டார், காமிராதான் தெரியும். ஆதலால் இத்தகைய காட்சிகளுக்குக் கண்ணாடியை எடுத்துவிட்டுச் சட்டத்தை மட்டும் வைப்பது வழக்கமாயிற்று. சட்டத்துக்கு அப்பால், இப்பால் உள்ள அறையைப் போலவே இன்னோர் அறையைத் தலைகீழாக அன்று, இடவலமாக மாற்றிக் கட்டுவார்கள். 1995-இல் மத்தியூ கஸோவித்ஸ் கறுப்பு வெள்ளையில் எடுத்த 'லா ஹேன்' என்ற பிரெஞ்சுப் படத்தில், வின்ஸ் என்ற இளைஞன் குளியலறைக் கண்ணாடி முன் நின்று யாரையோ மிரட்டுவதாக ஒத்திகை பார்க்கிறான். அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து காமிரா அவன் முகத்தை நோக்கி நேராக முன்னேறுகிறது, ஆயினும் கண்ணாடியில் காமிரா இல்லை. முதுகைக் காட்டி நிற்பவர் வேறொருவர். சட்டத்துக்கு அப்பால் நம்மை நோக்கி நிற்பவர்தான் நடிகர் வென்சான் கஸெல். 'டெர்மினேட்டர் 2' படத்துக்காக எடுக்கப்பட்டு 1991-இல் கொட்டகைக்கு வந்த பிரதியில் நீக்கப்பட்ட ஒரு காட்சியில், லிண்டா ஹாமில்டனின் கூடப்பிறந்த இரட்டைச் சகோதரியையே சட்டத்தின் ஒரு பக்கத்தில் நிறுத்தினார்கள். இப்பால் இருந்த ஷ்வார்ஸ்நெகர் ஒரு பொம்மை, அப்பால் இருந்தவர் அவரே.

இந்த உபாயத்தில் எத்தனை விவேகம் வேண்டியிருக்கிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அப்பால் நிற்பவரின் தலைவகிடு மறுபக்கம் எடுக்கப்பட வேண்டும். சட்டைப் பொத்தான்கள் மறுபக்கம் தைக்கப்பட வேண்டும். கைக்கடிகாரம் மறுகைக்குப் போக வேண்டும். அலமாரியில் உள்ள புத்தகங்களின் எழுத்துகளும் சுவர்க் கடிகாரத்தின் எண்களும் புரண்டிருக்க வேண்டும். இரண்டு உடல்கள் ஒரே மூச்சில் ஒரே செய்கையைச் செய்ய வேண்டும். இதையே விகடமாக மாக்ஸ் லிண்டர் 1921-இலும், மார்க்ஸ் சகோதரர்கள் 1933-இல் 'டக் சூப்' படத்திலும் செய்துகாட்டினார்கள். அங்கே கண்ணாடி இல்லை என்பது நமக்குத் தெரியும், எதிரே நிற்பவருக்குத் தெரியாது. நம்மைச் சிரிக்கவைத்த அதே வித்தை, தெரியாதபோது நம்மை நம்பவைக்கிறது. ஆயினும் என் அபிப்பிராயத்தைச் சொல்லத்தான் வேண்டும்: வெறும் சட்டத்தின் வழியாக வரும் முகத்தில் ஏதோ ஒன்று குறைகிறது. கண்ணாடிக்குள் இருக்கும் முகத்துக்கு உரிய சிறு குளிர்ச்சி, பரப்பின் தூசு, ஓரத்துச் சீவலில் ஒளி உடையும் பிளவு ஆகியவை அங்கே இருப்பதில்லை. சாய்ந்து ஒதுங்கி நின்று உண்மைக் கண்ணாடியைப் பிடித்த ஒளிப்பதிவாளரிடம் எனக்கு உள்ள மதிப்பு இதனால்தான் அதிகம். 1941-இல் 'சிட்டிஸன் கேன்' படத்தில், மனைவி பிரிந்து போன பின், கேன் எதிரெதிராக அமைந்த கண்ணாடிகளின் இடையே நடந்து போகையில் அவர் உருவம் முடிவின்றிப் பெருகிச் செல்கிறது. கிரெக் டோலண்டின் காமிரா ஓரமாகச் சாய்ந்து நின்று அத்தனை கேன்களையும் பார்க்கிறது, அத்தனை கேன்களின் நடுவிலும் அது ஓரிடத்திலும் இல்லை.

தட்டையான கண்ணாடி ஒன்றே இந்தக் கருணையைக் காட்டும். அதற்குத் திசை ஒன்றுதான்; அந்தத் திசையை விட்டு விலகியவரை அது விட்டுவிடுகிறது. வளைந்த பரப்பு அப்படி விடுவதில்லை. வெளிப்புறமாகப் புடைத்த பரப்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் செங்குத்து வேறு வேறு திசையில் விரிகிறது. அறையில் எங்கே நின்றாலும் அவற்றுள் ஏதோ ஒன்று நம்மை நோக்கி நீண்டிருக்கும். பித்தளைக் குடமோ, பளபளக்கும் எவர்சில்வர் செம்போ படச்சட்டத்துக்குள் வந்துவிட்டால், அதன் வயிற்றில் எங்கோ ஒரு புள்ளியாகக் காமிரா இருந்தே தீரும். மேலே மங்கல் மருந்தைத் தெளிப்பது தவிர வேறு வழி இல்லை. 1434-இல் யான் வான் ஐக் வரைந்த அர்னோல்பீனி தம்பதிகளின் படத்தில், பின்சுவரில் ஒரு புடைத்த கண்ணாடி தொங்குகிறது. தம்பதிகளின் முதுகும், அவர்களுக்கு எதிரே வாசலில் வந்து நிற்கும் இருவரும் அதில் தெரிகிறார்கள். அந்தக் கண்ணாடிக்கு மேலே, தான் இங்கு இருந்ததாக ஓவியர் சுவரில் எழுதியும் வைத்திருக்கிறார். புடைத்த கண்ணாடியை வரைந்துவிட்டுத் தன் இடத்தைக் காலியாகக் காட்டியிருந்தால் அது பொய்யாகியிருக்கும் என்பதை அந்த மனிதர் அறிந்திருந்தார் என்றே நினைக்கிறேன்.

இந்தியத் திரைப்பட சரித்திரத்தில் கண்ணாடியோடு நடந்த மாபெரும் யுத்தம் 1960-இல் வெளிவந்த 'முகல்-ஏ-ஆஸம்' படத்தின் ஷீஷ் மஹால். லாகூர்க் கோட்டையில் உள்ள கண்ணாடி மண்டபத்தை முன்மாதிரியாகக் கொண்டு, பம்பாயின் மோகன் ஸ்டூடியோவில் கே. ஆஸிப் அதை எழுப்பினார். கண்ணாடிகள் பெல்ஜியத்திலிருந்து வரவழைக்கப்பட்டன. சுவரிலும் கூரையிலும் பதித்த எண்ணற்ற துண்டுகளில் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கோணத்தில் திரும்பியிருந்தது. ஒரு கண்ணாடியானால் காமிரா ஒதுங்கலாம். ஆயிரம் கண்ணாடிகளிடமிருந்து ஒதுங்க இடம் ஏது? வண்ணப் படத்துக்கு அந்நாளில் வேண்டியிருந்த உக்கிரமான ஒளியை விளக்குகள் கொட்டியவுடன், துண்டுகள் எல்லாம் சுடர்விட்டு லென்ஸைக் குருடாக்கின. கண்ணாடிகளின்மேல் மெழுகைப் பூசிப் பார்த்தார்கள். கூச்சம் அடங்கிற்று, அதோடு கண்ணாடியின் ஜீவனும் அடங்கிவிட்டது. ஒளிப்பதிவாளர் ஆர். டி. மாத்தூர் இறுதியில் விளக்குகளை நேரே வீசாமல், துணிகளில் பட்டுச் சிதறிப் பரவும் ஒளியால் மண்டபத்தை நிறைத்து வழிகண்டார். அனார்க்கலியாக மதுபாலா ஆடும்போது கூரை முழுவதும் அவள் உருவமாகவே ஆகிவிடுகிற அந்தக் காட்சியில், பேரரசன் தலையை நிமிர்த்திப் பார்க்கும் இடமெல்லாம் அவளே நிற்கிறாள். அத்தனை துண்டுகளில் காமிரா ஒன்றிலுமே விழவில்லை என்று நான் வாதிட வரவில்லை. விழுந்திருந்தாலும் அது கடுகினும் சிறிதாய், அவளுடைய ஆயிரம் உருவங்களுக்குள் அடையாளம் இழந்து போயிருக்கும். ஒளிவதற்குக் கூட்டத்தினும் சிறந்த இடம் இல்லை. இப்படம் 'அக்பர்' என்ற பெயரில் 1961-இல் தமிழும் பேசிற்று. வசனம் மாறிய அந்தப் பிரதியிலும் கண்ணாடிகளின் பேச்சை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இன்றைக்கு இந்த யுத்தம் பெரும்பாலும் படப்பிடிப்புக்குப் பின் கம்ப்யூட்டரின் முன்னால் நடக்கிறது. காமிரா தைரியமாகக் கண்ணாடிக்கு எதிரிலேயே நிற்கிறது. பிற்பாடு, வினாடிக்கு 24 படமாக ஓடும் ஒவ்வொன்றிலும் அதன் உருவத்தைத் துடைத்து, அதன் பின்னால் இருந்திருக்க வேண்டிய சுவரை இட்டு நிரப்புகிறார்கள். 1997-இல் ராபர்ட் ஸெமெக்கிஸ் எடுத்த 'காண்டாக்ட்' படத்தில், தந்தை மயங்கி விழுந்ததும் சிறுமி மாடிப்படியேறி மருந்தலமாரியை நோக்கி ஓடிவருகிறாள். அவளுக்கு முன்னே பின்வாங்கிக்கொண்டே போகும் காமிராவின் பார்வையாக அதை நாம் பார்க்கிறோம். அவள் கையை நீட்டி அலமாரிக் கதவைத் திறக்கும்போதுதான், இதுவரை பார்த்ததெல்லாம் அந்தக் கதவிலிருந்த கண்ணாடியின் பிரதிபிம்பம் என்று தெரிகிறது. தனித்தனியே எடுத்த படங்களை ஒன்றாகப் பொருத்திச் செய்தது அது. எவ்வளவு ஓடினாலும் அவள் நேரத்தோடு சேரமாட்டாள் என்பதை, ஓட்டம் முழுவதையும் கண்ணாடிக்குள் அடைத்துவிடும் அந்த ஒரு திருப்பம் உணர்த்துவதால், அங்கே தந்திரம் கதைக்கு ஊழியம் செய்கிறது. 2010-இல் வந்த 'பிளாக் ஸ்வான்' படத்தின் நாட்டிய அறைகளிலும் சுவரெல்லாம் கண்ணாடி. ஒளிப்பதிவாளர் மாத்யூ லிபாட்டிக் காமிராவைத் தோளில் ஏந்தி அவற்றுக்கு எதிரிலேயே சுழன்றார், படத்தில் அவர் துடைக்கப்பட்டார். பிரதிபிம்பம் தன் சொந்த இச்சைப்படி நடக்கத் தொடங்கிவிடுகிற ஒரு பெண்ணின் கதை அது. ஆகையால் இருக்கவேண்டிய ஒன்று கண்ணாடியில் இல்லாமல் போவது உண்டாக்கும் காரணம் தெரியாத கலக்கம் அங்கே பொருந்துகிறது.

இதே சௌகரியத்தைச் சாதாரண வரவேற்பறைக் காட்சிகளிலும் பயன்படுத்தும்போதுதான் எனக்கு மனம் ஒப்புவதில்லை. உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை; ஒவ்வொரு படமாகத் துடைப்பவரின் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் ஒதுங்கி நின்ற காமிராவுக்கு ஓர் இடம் இருந்தது. அறையின் மூலையிலோ, கதவோரத்திலோ, ஒரு மனிதர் நிற்கக்கூடிய இடத்தில் அது நின்றது. கண்ணாடியில் கதாநாயகியின் முகத்துக்குப் பின்னால் அறையின் மறுபாதி சாய்வாக விரிந்து, கட்டிலும் ஜன்னலும் அவள் யாருக்காகக் காத்திருக்கிறாள் என்பதைச் சொன்னன. செங்குத்தில் நின்று துடைக்கப்பட்ட காமிராவுக்கு இடம் இல்லை. அது பார்க்கிறது, ஆனால் எங்கிருந்தும் பார்க்கவில்லை. நாம் மட்டும் அந்த இல்லாத இடத்தில் உட்காரவைக்கப்படுகிறோம். ஆக்னேஸ் வார்தா தன் வரலாற்றைச் சொல்ல 2008-இல் எடுத்த படத்தை பெல்ஜியக் கடற்கரை மணலில் கண்ணாடிகளை நட்டுவைத்துத் தொடங்கினார். அவற்றில் கடலும் தெரிகிறது, அவரும் தெரிகிறார், அவருடன் வேலை செய்பவர்களும் தெரிகிறார்கள். தன்னைப் பற்றிச் சொல்பவர் தன் காமிராவை ஒளிப்பது தகாது என்ற நேர்மை அது. கற்பனைக் கதையிடம் அந்த நேர்மையை யாரும் கேட்கவில்லை. ஒதுங்கி நிற்கும் மரியாதையையே கேட்கிறோம்.

ஒரு பரப்பு மட்டும் எந்த உபாயத்துக்கும் கட்டுப்படாமல் காமிராவின் தடயத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டிருக்கிறது. நடிகையின் விழியே அது. விழியின் முன்புறத்தை மூடிய பளிங்குப் படலம் ஏறக்குறைய 7.8 மில்லிமீட்டர் ஆரமுள்ள ஒரு புடைத்த கண்ணாடி. தன்மீது விழும் ஒளியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கை அது திருப்பி அனுப்புகிறது. புடைத்த பரப்பாதலால், முன்னே சொன்ன நியதிப்படி, அதனிடமிருந்து ஒதுங்க இடமில்லை. முகத்தை நெருங்கி எடுத்த ஏறக்குறைய எந்தப் படத்திலும், விழியின் கறுப்பில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். அது அந்த வேளையில் எரிந்த விளக்கு. ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்ததாயின் ஜன்னலின் சதுரம் இருக்கும். அந்தச் சதுரத்தை மறித்து யாராவது நின்றிருந்தால் அவருடைய கறுத்த வடிவமும் இருக்கும்.

வியப்பு என்னவென்றால், கண்ணாடியிலிருந்து தன்னை விரட்டுவதற்கு அரைநாளைச் செலவிடும் அதே ஒளிப்பதிவாளர், விழியில் இந்தப் பொட்டு விழாவிட்டால் நிம்மதி அடைவதில்லை. பொட்டு இல்லாத கண் செத்த கண்ணாகத் தோன்றுகிறது. அதற்காகவே காமிராவின் அருகில் ஒரு சிறு விளக்கை ஏற்றுவார்கள். 1944-இல் 'தி லாட்ஜர்' படத்தில், விபத்தில் தழும்பேறிய மெர்ல் ஓபெரானின் முகத்தைக் காப்பாற்றுவதற்காக லூசியன் பல்லார்டு லென்ஸை ஒட்டி ஒரு விளக்கைப் பொருத்தினார். அது தழும்புகளின் நிழலை அழித்தது, கண்ணில் ஒளியையும் வைத்தது. அந்த விளக்கு இன்றும் அந்த நடிகையின் பெயராலேயே ஹாலிவுட்டில் வழங்குகிறது. லென்ஸை ஒட்டி எரிந்ததால், அந்த ஒளிப்பொட்டு இருக்கும் இடமே ஏறக்குறைய காமிரா இருந்த இடம். விழி எவ்வளவு கறுப்போ அவ்வளவு தெளிவாக அது தெரியும். கண்ணாடியில் காமிராவைத் துடைக்கிறவர்கள் இதைத் தொடுவதில்லை. தொட்டால் டைரக்டர் அந்த ஷாட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார். காமிராவும் விளக்கும் எதிரே நில்லாத, முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரில் உருவாகும் பாத்திரங்களுக்கும் கூட, விழியில் அந்தப் பொட்டு எங்கே, எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று தீர்மானிக்க ஒருவர் உட்கார்ந்து வேலை செய்கிறார்.